அரண்மனைக்கு ஓசியில் போவது எப்படி? வடசென்னைக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெருவில் ஒரு சின்னப் படிப்பகம் நடக்கிறது. பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கோட்டை, அருங்காட்சியகம், அரண்மனை என்று எங்காவது போய்வருவோம். டிக்கெட் இல்லாத நாளாகப் பார்த்துத்தான் கிளம்புவோம். முப்பது பிள்ளைகளும் அவர்களோடு அம்மாக்களும் பாட்டிகளும் சேர்ந்தால் கணக்கு அப்படித்தான் போடவேண்டியிருக்கிறது. இந்த விஷயம் பரவியதும் ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கத்திலிருந்தெல்லாம் கேள்விகள் வர ஆரம்பித்தன. ஒரே பதிலைப் பத்துப் பேருக்குத் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்ததால் இங்கே எழுதி வைத்துவிட்டேன்.

அக்கா, உள்ளூர்க்காரர்களுக்கு அரண்மனையில் டிக்கெட் கிடையாது என்று வாட்ஸ்அப்பில் வந்ததே, நிஜமா?

வெளிநாட்டில் நிஜம், இங்கே இல்லை. யாரோ வெளிநாட்டுச் செய்தியைத் தமிழாக்கிவிட்டு ஊர்ப் பெயரை மட்டும் விட்டுவிட்டார்கள் என்று நினைக்கிறேன்.

ஸ்பெயினில் செவில் நகரத்து அல்காசர் அரண்மனைக்குள் அந்த ஊரில் பிறந்தவர்களும் அங்கே குடியிருப்பவர்களும் காசு கொடுக்காமல் போகலாம். பாங்காக் அரண்மனையில் தாய்லாந்துக்காரர்களுக்கு இலவசம், நாம் போனால் 500 பாட். எனக்கு ரொம்பப் பிடித்தது லண்டன் கோபுரக் கோட்டையின் ஏற்பாடு. அது பெயருக்குக் கோட்டை என்றாலும் ராஜாவின் அரண்மனையும்கூட. அதை ஒட்டியிருக்கிற டவர் ஹாம்லெட்ஸ் பகுதி பழைய துறைமுகத் தொழிலாளர்கள் வாழ்ந்த இடம். அங்கே குடியிருப்பவர்கள் உள்ளூர் நூலக அட்டையைக் காட்டினால் ஒரே ஒரு பவுண்டு கொடுத்து உள்ளே போய்விடலாம். மற்றவர்களுக்கு முப்பது பவுண்டுக்கும் மேல்.

துறைமுகம், பக்கத்தில் கோட்டை, நூலக அட்டை. எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா?

நம்ம ஊரில் ஏன் அப்படி இல்லை?

இந்தியத் தொல்லியல் துறையின் கட்டண விதியில் இந்தியர், வெளிநாட்டவர் என்ற பிரிவுதான் உண்டு. கோட்டைச் சுவர் நிழலில் வீடு இருந்தாலும் சரி, கோரக்பூரிலிருந்து வந்தாலும் சரி, ஒரே டிக்கெட். நியாயமாகத்தான் தெரிகிறது, இல்லையா? எனக்கு மட்டும் ஒரு சின்ன மனக்குறை உண்டு.

புனித ஜார்ஜ் கோட்டைக்கு வடக்கே, சுவரை ஒட்டியபடி, ஆங்கிலேயர்கள் கறுப்பர் நகரம் என்று பெயர் வைத்த ஊர் இருந்தது. நெசவாளர், சாயம் போடுகிறவர், துபாஷிகள் எனப்பட்ட மொழிபெயர்ப்பாளர்கள், சின்ன வியாபாரிகள் எல்லாம் அங்கேதான் இருந்தார்கள். 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தபோது அதில் ஒரு பகுதியை இடித்தார்கள். திரும்பி வந்த ஆங்கிலேயர்கள் மிச்சத்தையும் இடித்துச் சமமாக்கினார்கள். எதிரி ஒளிந்துகொள்ள இடம் இருக்கக் கூடாது, பீரங்கிக்கு வெட்டவெளி வேண்டும், அவ்வளவுதான் காரணம். இந்த எல்லைக்குள் யாரும் வீடு கட்டக் கூடாது என்று 1773இல் 13 தூண்கள் நட்டார்கள். அதில் ஒன்று பாரிமுனையில் டேர் ஹவுஸ் கட்டிட ஓரத்தில் இன்னும் நிற்கிறது. பஸ்ஸுக்கு ஓடுகிற அவசரத்தில் யாரும் பார்ப்பதில்லை. இடித்த ஊர் இருந்த இடத்தில்தான் இப்போது உயர் நீதிமன்றம் இருக்கிறது. அங்கிருந்து பெயர்க்கப்பட்டவர்கள் வடக்கே நகர்ந்ததில்தான் இன்றைய ஜார்ஜ் டவுன் வளர்ந்தது.

கோட்டைக்காக வீட்டை விட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு வருஷத்தில் ஒரு நாள் வாசலைத் திறந்துவிட்டால் துறைக்கு என்ன குறைந்துவிடும் என்று கேட்கிறேன். கேட்பது என் வேலை. அதுவரை இருக்கிற இலவச நாட்களை வைத்து ஓட்டுவோம்.

சரி, இருக்கிற இலவச நாட்கள் எவை?

இந்தியத் தொல்லியல் துறையின் இடங்களுக்கு முக்கியமாக இரண்டு நாள். ஏப்ரல் 18 உலகப் பாரம்பரிய நாள், நவம்பர் 19 பாரம்பரிய வாரத்தின் முதல் நாள். அந்த வாரம் நவம்பர் 25 வரை போகும். ஆனால் இலவசம் என்று நம்பிப் போக வேண்டியது 19ஆம் தேதிக்குத்தான். இருபத்திரண்டாம் தேதி போய் நின்று "வாரம்தானே" என்று வாதாடாதீர்கள்.

மார்ச் 8 மகளிர் தினத்தில் பெண்களுக்கு இலவசம் என்று 2020இல் அறிவித்தார்கள், பிறகு வந்த ஆண்டுகளிலும் அறிவித்திருக்கிறார்கள். மே 18 உலக அருங்காட்சியக நாளும் அப்படி. 2022இல் சுதந்திரத்தின் 75ஆம் ஆண்டுக்காக ஆகஸ்ட் 5 முதல் 15 வரை பதினோரு நாள் நாடு முழுக்கத் திறந்துவிட்டார்கள். எங்கள் படிப்பகத்துக்கு அது தீபாவளி மாதிரி இருந்தது. இந்த வகை நாட்கள் அறிவிப்பைப் பொறுத்தவை. இரண்டு மூன்று நாள் முன்னால் செய்தித்தாளில் வரும். அதைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள், பகிரப்பட்ட படத்தை நம்பி வேண்டாம்.

பிள்ளைகளுக்கு டிக்கெட் உண்டா?

15 வயதுக்குக் கீழே இருந்தால் தொல்லியல் துறை இடங்களில் எந்த நாளும் கிடையாது. இது தெரியாமல் இலவச நாளுக்காக மாதக்கணக்கில் காத்திருக்கிறவர்கள் நிறைய. ஒன்பதாவது படிக்கிற பையன் உயரமாக இருந்தால் மட்டும் பள்ளி அடையாள அட்டையைக் கையில் கொடுத்து அனுப்புங்கள்.

பெரியவர்களுக்கு எவ்வளவு?

இரண்டு வகை. உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கும் மாமல்லபுரம் போன்ற இடங்களுக்கு 40 ரூபாய், மற்றவற்றுக்கு 25. கோட்டை அருங்காட்சியகம் இரண்டாவது வகை. வாசலில் ஒட்டியிருக்கும் கியூஆர் கோடை ஸ்கேன் செய்து வாங்கினால் ஐந்து ரூபாய் குறையும். மாமல்லபுரத்தில் வாங்கிய ஒரு டிக்கெட் கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதத்துக்கும் செல்லும், ஆனால் அன்றைக்கே பார்த்துவிட வேண்டும். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு இரண்டாவது இடத்தில் மறுபடி காசு கொடுத்தவர் எங்கள் குழுவிலேயே இருக்கிறார்.

இலவச நாள் வெள்ளிக்கிழமை வந்தால்?

இது நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டது. கோட்டை அருங்காட்சியகத்துக்கு வெள்ளி வார விடுமுறை. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கும் வெள்ளிதான். 2025இல் ஏப்ரல் 18 வெள்ளிக்கிழமை, போதாததற்குப் புனித வெள்ளி. காலண்டரில் தேதியை மட்டும் பார்த்துக் கிழமையைப் பார்க்காமல் ஒரு வாரம் முன்பே எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். பதினெட்டுப் பிள்ளைகள், எட்டுப் பெரியவர்கள், ஒரு பெரிய தூக்கில் புளிசாதம். பாதுகாப்புக் காவலர் எங்களைப் பார்த்ததுமே சிரித்துவிட்டார். புளிசாதம் மெரினா மணலில் காலியானது.

2027இல் நவம்பர் 19 வெள்ளிக்கிழமை. இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

வடசென்னையில் அரண்மனை எதுவும் இல்லையா?

ராஜா வாழ்ந்த அரண்மனை இல்லை. அரண்மனை மாதிரி நிற்கிற ஒன்று உண்டு: ராயபுரம் ரயில் நிலையம். அந்த உயரமான தூண்களைப் பார்த்துவிட்டு "இது யாரு வூடு?" என்று ஒரு குட்டிப் பெண் கேட்டாள். 1856 ஜூன் 28இல் ஆளுநர் ஹாரிஸ் திறந்துவைத்தார். ஜூலை 1 முதல் அங்கிருந்து வாலாஜா ரோடு வரை வண்டி ஓடியது. வாலாஜா என்பது ஆற்காடு நவாபின் பட்டப்பெயர். ஆக, நவாப் பெயர்கொண்ட ஊருக்குத் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் போனது நம்ம ராயபுரத்திலிருந்து.

நமக்குப் பக்கத்தில் இருக்கும் நிஜ அரண்மனை சேப்பாக்கம். நவாப் முகமது அலி வாலாஜா 1768இல் கட்டியது. முதலில் அவர் கோட்டைக்குள்ளேயே அரண்மனை கட்டிக்கொள்ள ஆசைப்பட்டார், நடக்கவில்லை. அந்த ஆசையின் மிச்சம்தான் கோட்டைக்குள் இருக்கும் பேலஸ் தெரு: அரண்மனை இல்லாத அரண்மனைத் தெரு. சேப்பாக்கத்தில் கட்டியதும் கடனில் மூழ்கியது. 1855இல் கடைசி நவாப் வாரிசில்லாமல் இறந்ததும் கிழக்கிந்தியக் கம்பெனி நவாப் பதவியை ஒழித்தது, அரண்மனை ஏலத்துக்கு வந்து அரசாங்கத்தின் கைக்குப் போய் அலுவலகமானது. இன்றும் அலுவலகம்தான். 2012 ஜனவரியில் அதன் கலஸ் மகால் தீப்பிடித்து எரிந்தது நினைவிருக்கும். பிறகு அதைச் செப்பனிட்டு, இப்போது தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கே நடக்கிறது. அதனால் சேப்பாக்கத்துக்கு டிக்கெட்டும் இல்லை, இலவச நாளும் இல்லை. வாலாஜா சாலையில் நின்று மினார்களையும் குவிமாடங்களையும் பார்த்துக்கொள்ளலாம்.

ராயப்பேட்டை அமீர் மகாலில் ஆற்காடு இளவரசர் குடும்பம் இன்னும் வாழ்கிறது. அது அவர்கள் வீடு. வேண்டியவர்கள் அழைத்தால் போகலாம், வேடிக்கை பார்க்கப் போகக் கூடாது.

கோட்டை அருங்காட்சியகத்தில் ராஜா காலத்துப் பொருள் ஏதாவது பார்க்கக் கிடைக்குமா, துப்பாக்கி மட்டும்தானா?

துப்பாக்கி, வாள், பீரங்கிக் குண்டு எல்லாம் இருக்கிறது. பையன்கள் அங்கேயே நின்றுவிடுவார்கள், இழுத்துக்கொண்டு வரவேண்டும். ஆற்காடு நவாபுகளுக்கென்று ஒரு கூடமும் உண்டு. சேப்பாக்கத்தில் உள்ளே போக முடியாத குறையை அங்கே கொஞ்சம் தீர்த்துக்கொள்ளலாம்.

நான் எப்போதும் கூட்டிப்போய் நிறுத்துகிற இடம் ஆங்கிலேயத் தலைமை ஆளுநர் கார்ன்வாலிஸின் சிலை. தலையை அண்ணாந்து பார்க்க வேண்டிய உயரம், வெள்ளைப் பளிங்கு. எல்லோரும் முகத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நான் பிள்ளைகளிடம் "மேலே பார்க்காதே, கீழே குனி" என்பேன். பீடத்தில் ஒரு புடைப்புச் சிற்பம். 1792இல் சீரங்கப்பட்டணத்துப் போரில் தோற்ற திப்பு சுல்தானின் மகன்கள் இருவரைப் பிணையாக ஒப்படைக்கும் காட்சி. மூத்தவனுக்குப் பத்து வயது இருந்திருக்கும், இளையவனுக்கு எட்டு. கூட்டத்தின் நடுவில் அந்த இரண்டு சின்ன உருவங்களையும் தேடிக் கண்டுபிடிப்பதுதான் எங்கள் விளையாட்டு. கண்டுபிடித்ததும் சத்தம் அடங்கிவிடும். போன முறை நாலாவது படிக்கிற ஒருவன், "அவுங்க அம்மா எங்க?" என்றான். சிற்பி அதைச் செதுக்கவில்லை. அந்தப் பிள்ளைகளைக் கொஞ்சகாலம் சென்னையில்தான் வைத்திருந்தார்கள், கடைசியில் 1794இல் அப்பாவிடம் திருப்பி அனுப்பினார்கள் என்று சொன்னேன். அதற்குப் பிறகுதான் அவன் நகர்ந்தான்.

அப்புறம் கொடி. 1947 ஆகஸ்ட் 15 அன்று இந்தக் கோட்டையில் ஏற்றிய மூவர்ணக் கொடி, சுத்தமான பட்டு. 2013 குடியரசு தினத்திலிருந்து மக்கள் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள். கண்ணாடிக்குள் மங்கின வெளிச்சத்தில் இருக்கும். துணி நைந்துபோகக் கூடாது என்பதற்காகத்தான் அந்த இருட்டு, விளக்கு போடவில்லை என்று காவலரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.

கட்டிடத்தையும் விட்டுவிடாதீர்கள். 1795இல் வியாபாரிகள் கூடும் மாளிகையாகக் கட்டியது. அடுத்த ஆண்டிலிருந்து அதன் மொட்டை மாடியில்தான் சென்னையின் முதல் கலங்கரை விளக்கம் எரிந்தது. தேங்காயெண்ணெய்த் திரி விளக்கு. காசிமேட்டுப் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் கண் விரியும்.

பக்கத்திலேயே 1680இல் கட்டிய புனித மேரி தேவாலயம். டிக்கெட் எப்போதும் இல்லை. ராபர்ட் கிளைவ் கல்யாணம் செய்துகொண்டது அங்கேதான்.

எப்படிப் போவது?

திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டைப் பக்கம் என்றால் மெட்ரோவில் ஏறி உயர் நீதிமன்ற நிலையத்தில் இறங்கி நடக்கலாம். மின்சார ரயிலில் வருகிறவர்கள் கோட்டை நிலையத்தில் இறங்கலாம். பெண்கள் சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்தில் பாரிமுனை வரை வந்தால் 2021 மே முதல் அதுவும் இலவசம். இலவச நாளில் அப்படி வந்தால் வீட்டுக்குத் திரும்பும்வரை பர்ஸைத் திறக்கவே வேண்டாம். மாமியார் ஒருவர் இதை ஏதோ சாதனை மாதிரி தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். சாதனைதான்.

என்ன கொண்டுபோக வேண்டும்?

ஆதார் அல்லது ஏதாவது ஓர் அடையாள அட்டை. கோட்டைக்குள் தலைமைச் செயலகமும் சட்டமன்றமும் ராணுவமும் இருப்பதால் சோதனை இருக்கும். சட்டமன்றம் கூடுகிற நாட்களில் கெடுபிடி கூடுதல், அந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். தண்ணீர் பாட்டில் போதும். சாப்பாட்டுத் தூக்கோடு வந்தால் என்ன ஆகும் என்பதை மேலே சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 18இல் மதுரை மகாலும் தஞ்சாவூர் அரண்மனையும் இலவசமா?

அவை வேறு கைகளில் இருக்கின்றன. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். மதுரை திருமலை நாயக்கர் மகால் தமிழ்நாடு அரசுத் தொல்லியல் துறையிடம் இருக்கிறது. மத்தியத் துறை அறிவித்தால் அது தானாகத் திறந்துவிடாது, மாநிலத் துறை தனியாகச் சொல்ல வேண்டும். 1636இல் கட்டிய அந்த மகாலில் நாம் இன்று பார்ப்பது நாலில் ஒரு பங்குதான் என்கிறார்கள். மிச்சத்தைப் பிரித்துத் திருச்சிக்கு எடுத்துப்போனவர் வேறு யாரும் இல்லை, திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாதரேதான். தஞ்சாவூர் அரண்மனை வளாகத்தில் ஒவ்வொரு பகுதிக்கும் வேறு வேறு டிக்கெட் இருக்கும், ஒன்றை வாங்கிவிட்டு எல்லாம் முடிந்தது என்று நினைக்காதீர்கள்.

பத்மநாபபுரம் இன்னும் வேடிக்கை. இருப்பது நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில், தக்கலை பக்கம். நடத்துவது கேரளத் தொல்லியல் துறை. திருவிதாங்கூர் ராஜாக்களின் பழைய தலைநகரம் அது. 1956இல் மாநில எல்லை பிரித்தபோது ஊர் இங்கே வந்தது, அரண்மனை அவர்களிடமே நின்றுவிட்டது. திங்கட்கிழமை விடுமுறை. உள்ளூர்க்காரர் யார் என்ற கேள்வியை அங்கே போய்க் கேட்டால் நல்ல பட்டிமன்றமே நடத்தலாம்.

மைசூர் அரண்மனை?

அதற்கு ஒரு நாள் ரயில் பயணமும் டிக்கெட்டும் உண்டு, தொல்லியல் துறையின் இலவச நாள் செல்லாது. பழைய மர அரண்மனை 1897இல் கல்யாண வீட்டில் தீப்பிடித்து எரிந்தது. புதியதை வடிவமைத்தவர் ஹென்றி இர்வின், 1912இல் முடித்தார். அதே இர்வின்தான் அதற்கு முன் 1892இல் நம்ம உயர் நீதிமன்றத்தைக் கட்டி முடித்தவர். மைசூர் போக முடியாதவர்கள் பாரிமுனையில் நின்று அந்தச் சிவப்புக் குமிழ்களை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள், கை அதே கைதான்.

ரங்கூனிலிருந்து சித்தப்பா வருகிறார். அவருக்கு வெளிநாட்டு டிக்கெட்டா?

வியாசர்பாடியிலிருந்து வந்த கேள்வி. இல்லை. வங்காள விரிகுடாவைச் சுற்றியுள்ள நாடுகளின் கூட்டமைப்பான பிம்ஸ்டெக்கில் மியான்மர் உண்டு, அதனால் பாஸ்போர்ட்டைக் காட்டினால் இந்தியர் கட்டணமேதான். இலங்கையிலிருந்து வருகிற உறவினர்களுக்கும் அப்படியே. மலேசியா, சிங்கப்பூர் பாஸ்போர்ட் என்றால் வெளிநாட்டுக் கட்டணம், ஆனால் இந்திய வம்சாவளியினருக்குக் கொடுக்கும் ஓசிஐ அட்டை வைத்திருந்தால் நம்ம கட்டணம். சித்தப்பாவைத் திரும்பும் வழியில் பர்மா பஜார் பக்கம் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் சாப்பிடக் கூட்டிப்போங்கள். அங்கே இருப்பதுபோல இல்லை என்று குறை சொல்லிக்கொண்டே இரண்டு தட்டு சாப்பிடுவார்.

இலவச நாளில் கூட்டம் தாங்குமா?

மாமல்லபுரத்தில் தாங்காது. பஞ்ச ரதத்தில் யானைச் சிலைக்குப் பக்கத்தில் போட்டோ எடுக்க வரிசையே நிற்கும். கோட்டை அருங்காட்சியகத்தில் அந்த நாளிலும் பெரிய கூட்டம் இருந்து நான் பார்த்ததில்லை. காலை ஒன்பதுக்குத் திறக்கும்போதே போய்விட்டால் திப்புவின் பிள்ளைகளை முதல் ஆளாகப் பார்த்துவிடலாம். வயதானவர்களோடு வருகிறீர்கள் என்றால் நான் சொல்வேன், இலவச நாளை விட்டுவிட்டு ஏதாவது ஒரு செவ்வாய், புதனில் 25 ரூபாய் கொடுத்தே போங்கள். உட்கார இடம் கிடைக்கும்.

உங்கள் குழுவோடு நாங்களும் வரலாமா?

தாராளமாக. அடுத்த பயணம் ஏப்ரல் 18. கிழமை பார்த்துவிட்டேன்.